ஐட்ராவின் கடினத்தன்மை எண்: எதுவரை நம்பலாம்?

மலைப்பாதை ஓட்டப் போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லோரும் பார்ப்பது இரண்டு எண்களை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கையில் கொடுக்கிறது சர்வதேச ட்ரெயில் ரன்னிங் சங்கம், சுருக்கமாக ஐட்ரா. 2013-இல் தொடங்கிய அமைப்பு. போட்டி நடத்துபவர்கள் பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை (பாதையின் இடங்களும் உயரங்களும் பதிந்த கோப்பு) கொடுத்தால், அதிலிருந்து கிமீ-எஃபர்ட், அளவுப் பிரிவு, மவுன்டன் லெவல், ஃபினிஷர் லெவல் என்று நான்கு அளவுகளைக் கணக்கிட்டு அந்தப் போட்டியின் பக்கத்தில் போடுகிறார்கள். பார்ப்பவருக்குச் செலவில்லை.

உலகம் முழுக்க ஒரே அளவுகோல் என்பது சின்ன விஷயமில்லை. ஸ்பெயினில் ஓடியதையும் ஹாங்காங்கில் ஓடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிப் போட்டியைத் தேர்ந்தெடுத்தால் எங்கே அடிபடும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் பயன்படுத்த வேண்டும். அதைச் சோதிக்க, முடிவுகள் ஊரறிந்த நான்கு பாதைகள் போதும்: சுவிட்சர்லாந்தின் சியர்-சினால், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடக்கும் செகாமா-ஐஸ்கோரி, மோன் பிளாங்கைச் சுற்றும் யூடிஎம்பி, அமெரிக்காவின் கொலராடோவில் ஹார்ட்ராக் 100. நான்கிலும் ஒரே மனிதர், ஸ்பெயின் நாட்டு மலை ஓட்டக்காரர் கிலியன் ஜோர்னே, ஓடி ஜெயித்திருக்கிறார். ஆள் மாறாததால் பாதையை மட்டும் எடைபோட வசதி.

கணக்கு எப்படி

கிமீ-எஃபர்ட் சூத்திரம் ரொம்ப எளிது. தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுங்கள். மொத்த ஏற்றத்தை மீட்டரில் எடுத்து 100-ஆல் வகுத்து அதோடு கூட்டுங்கள். அவ்வளவுதான். 31 கிமீ தூரமும் 2,200 மீட்டர் ஏற்றமும் உள்ள சியர்-சினாலுக்கு 31 + 22 = 53. கிமீ-எஃபர்ட் 24 வரை எக்ஸ்எக்ஸ்எஸ், 44 வரை எக்ஸ்எஸ், 74 வரை எஸ், 114 வரை எம், 154 வரை எல், 209 வரை எக்ஸ்எல், 210 முதல் எக்ஸ்எக்ஸ்எல். சட்டை அளவு மாதிரிதான்.

நூறு மீட்டர் ஏற்றம் ஒரு கிலோமீட்டர் சமதரைக்குச் சமம் என்பது யாரோ உட்கார்ந்து யோசித்த வட்ட எண் போலத் தோன்றலாம். ஆனால் இதற்கு நெருக்கமான கணக்கு 1892-லேயே உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த நடைக்கணக்குப்படி மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். மாற்றிப் பார்த்தால் நூறு மீட்டர் ஏற்றம் ஏறத்தாழ 800 மீட்டர் சமதரைக்கு ஈடு. ஐட்ரா அதைச் சற்றுக் கூட்டி ஆயிரமாக வைத்திருக்கிறது. மனக்கணக்கில் போட்டுவிடலாம் என்பது பெரிய வசதி. அஸ்திவாரம் சரியாகவே இருக்கிறது. கோளாறு, சூத்திரத்துக்குள் நுழையாமல் வெளியே நிற்கும் விஷயங்களில்தான்.

முதலில் உள்ளே போகும் எண் சரியா என்று பார்க்க வேண்டும். மொத்த ஏற்றம் என்பது எந்தக் கோப்பிலிருந்து, எந்த மென்பொருளில் எடுத்தது என்பதைப் பொறுத்து மாறும் எண். காற்றழுத்தமானி உள்ள கைக்கடிகாரம் ஒன்று சொல்லும், வெறும் செயற்கைக்கோள் உயரம் வேறொன்று சொல்லும், வரைபடத் தளங்கள் நிலப்பரப்பு மாதிரியிலிருந்து எடுப்பது மூன்றாவதாக இருக்கும். மலைச்சரிவை ஒட்டிக் குறுக்காகப் போகும் பாதையில்தான் பிழை அதிகம். கோடு பக்கவாட்டில் பத்து மீட்டர் தள்ளி விழுந்தாலே உயரம் ஏறி இறங்குவதாகக் கணக்காகிவிடும். கால் சமமாகப் போய்க்கொண்டிருக்கும், கோப்பில் மட்டும் மேடு பள்ளம் முளைத்திருக்கும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு: கோப்பை அளவுக்கு மீறி மழமழப்பாக்கினால் சின்னச் சின்ன ஏற்றங்கள் எல்லாம் மறைந்துபோகும். ஒரே பாதைக்கு இரண்டு கோப்புகள் 2,200 என்றும் 2,600 என்றும் காட்டுவது அதிசயமே இல்லை. கிமீ-எஃபர்ட்டில் அது 4 புள்ளி. 72-ஐ 76 ஆக்கி எஸ் பிரிவிலிருந்து எம் பிரிவுக்குத் தள்ள அது போதும்.

இதைப் பிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. மொத்த ஏற்றத்திலிருந்து மொத்த இறக்கத்தைக் கழித்தால், முடியும் இடத்தின் உயரத்துக்கும் தொடங்கும் இடத்தின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். சியர் ஏறத்தாழ 570 மீட்டர் உயரத்தில், சினால் 1,675 மீட்டரில். வித்தியாசம் 1,105. அறிவிக்கப்பட்ட ஏற்றம் 2,200, இறக்கம் 1,100, கழித்தால் 1,100. கச்சிதம். கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100-க்கும் போட்டுப் பாருங்கள்: ஏற்றம் 18,090 அடி, இறக்கம் 22,970 அடி, வித்தியாசம் 4,880. தொடங்கும் ஒலிம்பிக் வேலி சுமார் 6,200 அடி, முடியும் ஆபர்ன் சுமார் 1,300. அதுவும் பொருந்துகிறது. தொடங்கிய இடத்திலேயே முடியும் சுற்றுப்பாதையில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நூறு இருநூறு மீட்டர் பிசகினால் விட்டுவிடலாம். 500 பிசகினால் அந்தக் கோப்பை நம்ப வேண்டாம்.

இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தே வீங்கியிருந்தால் கழித்தால் சரியாகத்தான் வரும். அதற்கு வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு பெரிய ஏற்றத்துக்கும் அடியும் உச்சியும் என்ன உயரம் என்று பார்த்துக் கையால் கூட்ட வேண்டும். சியர்-சினாலின் உச்சப் புள்ளி 2,425 மீட்டர். கீழிருந்து அதுவரை 1,855. மீதி 345 மீட்டர், நடுவில் உள்ள சிறு மேடுகளில் பரவிக் கிடக்கிறது. நம்பத்தகுந்த கணக்கு. பாதையில் ஒரு மேடும் தெரியாமல் 800 மீட்டர் மிச்சம் விழுந்தால் கோப்பில்தான் கோளாறு.

ஒரே மனிதர், நான்கு பாதைகள்

இப்போது சோதனை. 2019-இல் சியர்-சினாலை ஜோர்னே 2 மணி 25 நிமிடம் 35 விநாடியில் முடித்தார். 53-ஆல் வகுத்தால் ஒரு கிமீ-எஃபர்ட்டுக்கு 2.75 நிமிடம். செகாமா-ஐஸ்கோரி 42.195 கிமீ, 2,736 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம்; கிமீ-எஃபர்ட் 69.5. 2022-இல் அவர் எடுத்துக்கொண்டது 3:36:40. அலகுக்கு 3.12 நிமிடம். இரண்டு போட்டியுமே எஸ் பிரிவு, இரண்டிலும் அவர் உச்சத்தில் இருந்தார். ஆனாலும் செகாமாவின் ஒவ்வொரு அலகுக்கும் 13 சதவீதம் கூடுதல் நேரம். தூரம் கூடியதால் கொஞ்சம் வேகம் குறையும் என்று தள்ளுபடி கொடுத்தாலும் மிச்சம் இருக்கிறது.

நீண்ட ஓட்டங்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். யூடிஎம்பி சுமார் 171 கிமீ, 10,000 மீட்டர், ஆக 271. ஹார்ட்ராக் சுமார் 165 கிமீ, 33,000 அடி ஏற்றம், ஆக 266 சொச்சம். எண்ணைப் பார்த்தால் ஹார்ட்ராக் ஒரு மயிரிழை சுலபம். 2022 ஜூலையில் ஹார்ட்ராக்கை ஜோர்னே 21:36:24-இல் முடித்தார். அடுத்த மாதமே யூடிஎம்பியை 19:49:30-இல் முடித்தார். எண் குறைவாக உள்ள பாதைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கூடுதல். இரண்டும் எக்ஸ்எக்ஸ்எல்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. யூடிஎம்பியின் மிக உயர்ந்த கணவாய்களில் ஒன்று கிரான் கோல் ஃபெரே, 2,537 மீட்டர். ஹார்ட்ராக்கின் சராசரி உயரமே 11,000 அடிக்கு மேல், அதாவது 3,350 மீட்டர். உச்சம் ஹேண்டிஸ் சிகரம், 4,280 மீட்டரைத் தாண்டும். தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். நீலகிரியில் எத்தனை வாரம் பயிற்சி எடுத்தாலும் ஹார்ட்ராக்கின் சராசரியைக்கூடத் தொட முடியாது. அந்த உயரத்தில் உயிர்வாயு குறைவதை ஏற்றக் கணக்கு எப்படிப் பிடிக்கும்? கூடவே பனித்திட்டு, நொறுங்கிய கல்லின் சரிவு, குளிர்ந்த ஓடைகளைக் கடப்பது எல்லாம் சேர்கின்றன.

இங்கேதான் மவுன்டன் லெவல் உதவிக்கு வர வேண்டும். சரிவையும் உயரத்தையும் பார்த்து 14 வரை தரப்படும் எண் அது. கிமீ-எஃபர்ட்டோடு சேர்த்துப் படித்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்: எஃபர்ட் எண் ஒன்றாகவே இருக்கும் இரண்டு போட்டிகளில் மவுன்டன் லெவல் 5-ம் 11-ம் என்றால், ஒன்று காட்டுச் சாலை, மற்றது நெட்டுக்குத்து. குறை என்னவென்றால், உயரத்தால் வந்த புள்ளி எவ்வளவு, செங்குத்தால் வந்த புள்ளி எவ்வளவு என்று பார்ப்பவருக்குத் தெரியாது. 3,000 மீட்டருக்கு மேல் பரந்த மேட்டில் சுகமாக ஓடும் பாதைக்கும், 1,200 மீட்டரில் ஏணி வைத்தாற்போல் நிற்கும் பாதைக்கும் தயாராகும் விதமே வேறு. ஒன்றுக்கு முன்கூட்டிப் போய் உயரத்துக்குப் பழக வேண்டும். மற்றதற்குப் படிக்கட்டு ஏறினால் போதும். இரண்டையும் ஓர் எண்ணில் கலந்து தருவது பாதி உதவிதான்.

இறக்கத்தைக் காணோம்

சூத்திரத்தின் பெரிய ஓட்டை இது. இறக்கத்துக்கு மதிப்பே இல்லை. ஏறியதைத்தான் இறங்குகிறோம், தனியாக எதற்கு என்று வாதிடலாம். சுற்றுப்பாதைக்கு அது ஓரளவு சரி. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் மாதிரி ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும் பாதையில் 7,000 மீட்டர் இறக்கம் இருக்கிறது, ஏற்றமோ 5,500 மீட்டர்தான். கிமீ-எஃபர்ட் 216 என்று வரும், அதில் இறக்கத்தின் நிழல்கூட இல்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கில் முன்தொடைத் தசை கழன்று, சமதரையில்கூட ஓட முடியாமல் நடப்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியின் இறக்கங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தாமல் ஓடியவர்கள்.

உடலியல் பார்வையில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓட்டத்தின் ஆற்றல் செலவைச் சரிவு வாரியாக அளந்த மினெட்டி குழுவின் 2002 ஆய்வுப்படி, செலவு மிகக் குறைவாக இருப்பது சமதரையில் இல்லை, ஏறத்தாழ 20 சதவீத இறக்கத்தில். மூச்சுக் கணக்கில் இறக்கம் இலவசம். தசைக் கணக்கில் அப்படியில்லை. ஒவ்வொரு எட்டிலும் முன்தொடை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நார்கள் கிழிவது அங்கேதான். இதயத்துடிப்பைப் பார்த்து ஓடுபவர்கள் ஏமாறுவதும் இங்கேதான், துடிப்பு 130-இல் இருக்கும்போது தொடை தன் கடனை ஏற்றிக்கொண்டிருக்கும்.

நெய்ஸ்மித் கணக்கைத் திருத்திய எரிக் லாங்மியூர் இறக்கத்தை இரண்டாகப் பிரித்தார். 5 முதல் 12 டிகிரி வரையுள்ள மிதமான இறக்கத்தில் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கழிக்க வேண்டும். 12 டிகிரிக்கு மேல் செங்குத்தானால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். நடையாளர்களுக்கான விதிதான், ஆனாலும் அடிப்படை ஓட்டத்துக்கும் பொருந்தும். மணிக்கு 5 கிமீ நடையில் பத்து நிமிடம் என்பது 0.83 கிமீ. ஆக, செங்குத்தான ஒவ்வொரு நூறு மீட்டர் இறக்கத்துக்கும் 0.28 கூட்டிக்கொள்ளலாம். செகாமாவின் 2,736 மீட்டர் இறக்கம் முழுவதும் செங்குத்து என்று வைத்தால் 69.5 என்பது 77 ஆகிறது, எம் பிரிவுக்குப் போய்விடுகிறது. பாதிதான் செங்குத்து என்றால் 73. 77-ஐ வைத்து ஜோர்னேயின் நேரத்தை வகுத்தால் அலகுக்கு 2.81 நிமிடம், சியர்-சினாலின் 2.75-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சியர்-சினாலின் இறக்கம் மொத்தமே 1,100 மீட்டர், அதிலும் நிறைய ஓடக்கூடிய பாதை என்பதால் அங்கே சேர்க்க வேண்டியது அதிகமில்லை. துல்லியமான அறிவியல் இல்லை இது. போட்டியைத் தேர்ந்தெடுக்கப் போதுமான திருத்தம்.

இறக்க அளவை ஜிபிஎக்ஸ் கோப்பே கொடுக்கிறது. ஐட்ரா அதைச் சூத்திரத்தில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, ‘இதில் இத்தனை மீட்டர் 12 டிகிரிக்கு மேல்’ என்று ஒரு வரி பக்கத்தில் போடலாம். செலவில்லாத மேம்பாடு.

காலுக்கடியில் என்ன

தரை எப்படிப்பட்டது என்பதற்கு இந்தச் சேவையில் எண் கிடையாது. செகாமாவின் நடுப்பகுதி ஐஸ்கோரி மலைமுகடு, 1,500 மீட்டருக்கு மேல் வரிசையாகச் சுண்ணாம்புக்கல் சிகரங்கள். கோப்பில் அது சில கிலோமீட்டர், சில மேடு பள்ளம். காலுக்கு அது கூரிய கல்லும் ஈரமும். கைவைத்து ஏறும் இடங்களும் உண்டு. மே மாதத்து பாஸ்க் மழையில் கீழ்க்காடு சேறாகிவிடும், முகட்டில் மூடுபனி. நேர்மாறாக, சியர்-சினாலில் சாண்டொலன் கிராமம் தாண்டியதும் பெரும்பகுதி வேகம் பிடித்து ஓடும் பாதை. முதல் எட்டு கிலோமீட்டரில் 1,300 மீட்டர் ஏறிய கால்கள் அங்கே ஓட மறுத்தால்தான் நேரம் போகும். அங்கே சோதிப்பது மனிதரின் வேகத்தை. செகாமா சோதிப்பது பாதத்தின் சாமர்த்தியத்தை. இரண்டுக்கும் ஒரே எழுத்து எஸ்.

ஹாங்காங் 100 இன்னொரு வகை. 103 கிமீ, 5,300 மீட்டர். அது போகும் மக்லிஹோஸ் பாதையில் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு கான்கிரீட், கல் படிக்கட்டுகள். சேறு கிடையாது, வழி தவறாது, ஆனால் படியின் உயரம் நம் எட்டுக்கு ஒத்துவராது, முழங்கால் அதை மணிக்கணக்கில் தாங்க வேண்டும். முடிவுக்கு முன்னால் ஹாங்காங்கின் மிக உயரமான தாய் மோ ஷான், 957 மீட்டர்.

தரையை எடைபோட உருப்படியான கருவி சுவிஸ் ஆல்பைன் சங்கத்தின் டி1 முதல் டி6 வரையான நடைபாதை அளவுகோல். டி1, டி2 ஓடலாம். டி3-இல் அங்கங்கே சமநிலைக்குக் கை தேவைப்படும். டி4-இல் முன்னேறவே கை வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் பல மலைப்பாதைகளுக்கு இந்தக் குறி போட்டிருக்கிறார்கள். போட்டியின் கோப்பை அதன்மேல் விரித்து டி3, டி4 எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணுங்கள். ஆல்ப்ஸில் இது நன்றாக வேலை செய்யும். நம் பக்கம் குறிகள் அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் காப்பித் தோட்ட ஜீப் பாதையாக இருந்தால் ஐட்ரா எண்ணை அப்படியே நம்பலாம், அகலமும் சரிவும் ஓட்டத்துக்கு ஏற்றவை. மழைக்குப் பிறகு செம்மண் சரிவோ, புல்மேட்டு ஒற்றையடிப் பாதையோ என்றால் அலகுக்குப் பத்து முதல் இருபது சதவீதம் கூட்டிக்கொள்வது நல்லது. இந்த அளவு அனுபவக் கணிப்புதான், அளந்து வந்ததில்லை.

உண்மையான பரீட்சை கட்-ஆஃப்

முதல் வரிசையில் ஓடுபவருக்குக் கட்-ஆஃப், அதாவது அதற்குள் முடித்தாக வேண்டிய நேர வரம்பு, வெறும் எழுத்து. நடுவிலும் பின்னாலும் ஓடுபவருக்கு அதுதான் போட்டியின் கடினம். ஐட்ரா இதற்கு ஃபினிஷர் லெவல் என்று ஓர் எண் தருகிறது. கட்-ஆஃபுக்குள் முடிக்க எந்த அளவுத் திறன் வேண்டும் என்பதைக் காட்டும் எண், நம் முந்தைய ஓட்டங்களை வைத்து ஐட்ரா நமக்குத் தரும் புள்ளியோடு ஒப்பிடலாம். நான்கு அளவுகளில் நிஜமாகவே உருப்படியானது இதுதான், வினோதமாக ஆட்கள் கண்டுகொள்வதும் இதைத்தான் குறைவு. ஒரே சங்கடம்: ஐட்ரா புள்ளி ஆயிரத்துக்கு இத்தனை என்று, கடந்த 36 மாதத்தில் நல்ல ஐந்து ஓட்டங்களை வைத்து வருவது. ஓரிரு போட்டி மட்டும் ஓடியவரின் புள்ளி அவரைச் சரியாகக் காட்டாது.

புள்ளி இல்லாதவர்கள் கைக்கணக்கு போடலாம். கிமீ-எஃபர்ட்டைக் கட்-ஆஃப் மணி நேரத்தால் வகுங்கள். யூடிஎம்பி 271-ஐ 46½ மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 5.8. ஹார்ட்ராக் 48 மணி நேரம், 5.5. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 30 மணி நேரம், 7.2. செகாமா 8 மணி நேரம், 8.7! பெயரைக் கேட்டாலே நடுங்கும் நூறு மைல் ஓட்டங்களைவிட ஒரு மாரத்தான் தூரத்தின் கட்-ஆஃப் இறுக்கம். இரவும் தூக்கமின்மையும் வராது என்பது உண்மைதான். ஆனால் அங்கே நடந்து நடந்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் பலிக்காது.

உதாரணத்துக்கு ஒருவர் 50 கிமீ, 2,000 மீட்டர் ஏற்றமுள்ள போட்டியை 9 மணி நேரத்தில் முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். அது 70 கிமீ-எஃபர்ட், அலகுக்கு 7.7 நிமிடம். கேட்டால் ‘எஸ் பிரிவு ஏற்கெனவே முடித்திருக்கிறேன், செகாமாவும் எஸ்தானே’ என்பார். 69.5-ஐ 7.7-ஆல் பெருக்கினால் 8 மணி 55 நிமிடம். கட்-ஆஃபுக்கு 55 நிமிடம் வெளியே, அதுவும் சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு நிமிடம்கூடச் சேர்க்காமல். பிரிவு எழுத்தை நம்பினால் நடப்பது இதுதான். உங்கள் அலகு நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டை அளவை மறந்துவிடுங்கள். அலகு நேரத்தை எடுக்கும்போது அடுத்த பிரிவுப் போட்டிக்கு அப்படியே தூக்கிப் போட வேண்டாம், தூரம் கூடக் கூட அதுவும் கூடும்: ஜோர்னேக்கே சியர்-சினாலில் 2.75, யூடிஎம்பியில் 4.39.

இன்னொன்று, யூடிஎம்பி மாதிரி மாலையில் தொடங்கும் ஓட்டத்தில் முதலாமவர் ஓர் இரவைத்தான் பார்க்கிறார், கட்-ஆஃபை ஒட்டி ஓடுபவர் இரண்டு. பாதையின் பிற்பகுதியில் ஷாம்பே ஏரியைத் தாண்டி மிச்சமுள்ள பெரிய ஏற்றங்கள் அந்த இரண்டாம் இரவில்தான் தொடங்கும். பாதை ஒன்று, போட்டி இரண்டு.

இரண்டு உதவி நிலையங்களுக்கு நடுவே

மொத்த எண் மறைக்கும் விஷயங்களில் மிக ஆபத்தானது இது. 2021 மே 22-இல் சீனாவின் கான்சூ மாகாணத்தில் மஞ்சள் நதிக் கல்வனத்தில் நடந்த 100 கிமீ ஓட்டத்தில் 172 பேரில் 21 பேர் குளிரில் இறந்தார்கள். ஆலங்கட்டியும் உறைமழையும் பலத்த காற்றும் ஒன்றாக வந்தன. சிக்கியது இரண்டாவது, மூன்றாவது சோதனைச் சாவடிகளுக்கு நடுவில். 8 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் ஏற்றம், வண்டி போக வழியில்லை, மேலே உணவோ ஒதுங்க இடமோ கிடையாது. காற்றுத் தடுப்பு மேலாடை பரிந்துரைப் பட்டியலில்தான் இருந்தது, கட்டாயப் பட்டியலில் இல்லை.

அந்த ஒரு துண்டு 18 கிமீ-எஃபர்ட். அலகுக்கு 12 நிமிடம் எடுப்பவர் அதில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இருப்பார். ‘எட்டு கிலோமீட்டர்தானே, ஒரு பாட்டில் போதும்’ என்று கிளம்பும் இடம் அது. போட்டிக் கையேட்டில் நிலையங்களுக்கு இடையிலான தூரம் கிலோமீட்டரில் இருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்றத்தைச் சேர்த்து எஃபர்ட்டாக மாற்றி எழுதுங்கள், உங்கள் அலகு நேரத்தால் பெருக்குங்கள். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் துண்டுகளைத் தனியாகக் குறியுங்கள். தண்ணீரும் மேலாடையும் அந்தத் துண்டுகளைப் பார்த்து முடிவாக வேண்டும். அதில் வெளியேறும் வழி, அதாவது ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளும் இடம் உண்டா என்பதையும் நடத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

வானிலையை எந்த எண்ணும் பிடிக்காது என்பதற்கு ஹாங்காங்கே சாட்சி. 2016 ஜனவரி குளிரலையில் தாய் மோ ஷான் பனிக்கட்டி பூசிக்கொண்டு, ஹாங்காங் 100 ஓட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. வெப்பமண்டலத்தில் ஆயிரம் மீட்டர்கூட இல்லாத மலை அது.

டென்னசியின் பார்க்லி மராத்தான்ஸ் போன்றவற்றுக்கு இந்தச் சேவை பொருந்தவே பொருந்தாது. பாதைக்குறி கிடையாது, ஜிபிஎஸ் கூடாது, காட்டில் ஒளித்துவைத்த புத்தகங்களிலிருந்து பக்கம் கிழித்து வர வேண்டும், 60 மணி நேரம். 2024-இல் ஜாஸ்மின் பாரிஸ் 59:58:21-இல் முடித்து, அதை முடித்த முதல் பெண்ணானார். அங்கே கிலோமீட்டரை எண்ணுவதே வீண் வேலை.

மதிப்பெண் கேட்டால்: கிமீ-எஃபர்ட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை, ஃபினிஷர் லெவலுக்கு நான்கு, மவுன்டன் லெவலுக்கு இரண்டரை, எழுத்துப் பிரிவுக்கு ஒன்று. எழுத்துப் பிரிவு போட்டி நடத்துபவர்களின் விளம்பரத்துக்குத்தான் உதவுகிறது.

ஐட்ராவின் பக்கத்தில் கிடைக்காமல் போவதை ஈடுகட்ட சிறந்த இடம் சென்ற ஆண்டு முடிவுப் பட்டியல். முதல் பத்துப் பேரை விட்டுவிடுங்கள். நடுவில் உள்ளவரின் நேரத்தைக் கிமீ-எஃபர்ட்டால் வகுத்து, நீங்கள் ஓடிய போட்டியின் நடு ஆளோடு ஒப்பிடுங்கள். தரை, உயரம், வெப்பம் எல்லாம் அந்த எண்ணுக்குள் தானாக வந்துவிடும். பிறகு விலகியவர்களைப் பாருங்கள். எல்லா நிலையத்திலும் சிதறியிருந்தால் பாதை சீராகக் கடினம். ஒரே நிலையத்தில் குவிந்திருந்தால் அதற்கு முந்தைய துண்டை வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே ஏற்றமோ இறுக்கமான கட்-ஆஃபோ இருக்கும். தொடங்கியவர் எத்தனை பேர் என்றே போடாமல் முடித்தவர்களை மட்டும் பட்டியலிடும் போட்டி என்றால், பணம் கட்டும் முன் அந்த எண்ணிக்கையைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.